நிமிர்ந்த மவுஸ், சூடேறாத டீக்கோப்பை

யுஎஸ்பி வயரில் ஓடும் கப் வார்மர் ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கணினியில் நெடுங்காலமாக இருந்துவரும் யுஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் மின்சாரம் தரும். பெருக்கினால் இரண்டரை வாட். 150 மில்லி டீயை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 630 ஜூல் வெப்பம் வேண்டும். இரண்டரை வாட்டும் துளிகூட வீணாகாமல் டீக்குள் இறங்கினாலும் அந்த ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். மூடியில்லாத கோப்பையில் ஆவி பறக்கும் டீயோ நிமிடத்துக்கு ஒரு டிகிரியாவது இழந்துகொண்டிருக்கிறது. ஈடுகொடுக்கவே பத்து வாட் வேண்டும். அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அந்தத் தட்டு டீயைச் சூடாக வைத்திருக்காது.

சுவர் பிளக்கில் செருகும் வகை ஏறக்குறைய 20 வாட் எடுக்கும், அது வேலை செய்யும். புதிய டைப்-சி துளை 5 வோல்ட்டிலேயே 3 ஆம்பியர், அதாவது 15 வாட் வரை தரக்கூடியது. ஆனால் எல்லா லேப்டாப்பும் அவ்வளவு தராது, அதனால் பெட்டியில் வாட் கணக்கு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாமல் விட்டிருந்தால் அதுவே பதில். எம்பர் நிறுவனத்தின் கோப்பை இன்னொரு வழியில் போகிறது. அடியில் பேட்டரி வைத்து, டீயைக் கொதிசூட்டில் பிடித்து வைக்காமல் குடிக்கத் தோதான 57 டிகிரி பக்கம் நிறுத்துகிறது. டீயின் சூடு அறையின் சூட்டை நெருங்க நெருங்க இழப்பு குறையும். ஒரு பேட்டரியால் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிவது அதனால்தான். நல்ல பொறியியல், விலையும் அதற்கேற்ப. சூடான டீ பெரும்பாலான வெப்பத்தை ஆவியாகத்தான் இழக்கிறது என்பதால், செலவில்லாத வழி ஒரு மூடி.

இதே இரண்டரை வாட்டில் ஒரு குட்டி விசிறி அருமையாக ஓடும். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுத்து அறைக் காற்று முழுவதையும் அசைக்கிறது. மேசை விசிறிக்கு முகத்துக்கு நேரே ஒரு கைப்பிடி காற்றைத் தள்ளினால் போதும், மிச்சத்தை வியர்வை பார்த்துக்கொள்ளும். வெப்பத்தை உண்டாக்கும் பொருளுக்கு மின்சாரம் நிறைய வேண்டும். காற்றை நகர்த்தும் பொருளுக்கோ ஒளி தரும் பொருளுக்கோ கொஞ்சம் போதும். யுஎஸ்பியில் செருகும் எந்தப் பொருளைக் கடையில் பார்த்தாலும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

கைக்கு வருவோம். வலது உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, இடதுகை விரல்களால் முன்கையின் நடுப்பகுதியை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது யாருக்கோ கைகுலுக்கப் போவதுபோல வலதுகையைத் திருப்புங்கள். உள்ளே ஏதோ புரள்வது விரலுக்குத் தெரியும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை கீழே பார்க்கும்போது ஒன்று மற்றொன்றின் குறுக்கே ஏறிப் படுக்கிறது, கை நிமிரும்போது அந்த முறுக்கு தளர்கிறது. சாதாரண மவுஸைப் பிடித்து எட்டு மணி நேரம் வேலை பார்ப்பவர் அத்தனை நேரமும் அந்த முறுக்கிலேயே கையை வைத்திருக்கிறார். செங்குத்து மவுஸ் என்ற விநோத உருவம் பிறந்தது இங்கேதான். லாஜிடெக் 2018-ல் கொண்டுவந்த எம்எக்ஸ் வெர்ட்டிக்கல் கையை 57 டிகிரி சாய்வில் நிறுத்துகிறது. அதற்குப் பல வருடம் முன்பே எவொலுவென்ட் என்ற நிறுவனம் இதே எண்ணத்தில் மவுஸ் விற்றது. இன்று அதே வடிவம் மிகக் குறைந்த விலையிலும் கிடைக்கிறது.

பழக்கப்படும்வரை சுட்டி குறி தவறும். பட்டனை அழுத்தும் விசை கீழ்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் போவதால் மவுஸே கொஞ்சம் நகர்ந்துவிடும். விரலால் தட்டும்போது கட்டைவிரலால் எதிரே அணைத்துக்கொள்ளக் கை தானாகவே பழகும். அளவு இதில் மிக முக்கியம். சின்னக் கைக்குப் பெரிய செங்குத்து மவுஸ் வாங்கினால் பழைய சிரமம் போய்ப் புதுச் சிரமம் வரும், ஆகவே கையில் பிடித்துப் பார்த்து வாங்க முடிந்தால் நல்லது. இடதுகைக்காரர்களுக்குத் தனி மாடல்தான் வேண்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: இது மருந்து அல்ல. விரல்கள் மரத்துப்போகின்றன, இரவில் மணிக்கட்டு வலியில் தூக்கம் கலைகிறது என்றால் பார்க்க வேண்டியது டாக்டரை. மேசை முழங்கைக்கு மேலே இருந்தால் எந்த மவுஸாலும் தோளைக் காப்பாற்ற முடியாது.

மவுஸை நகர்த்தவே இடமில்லாத மேசைக்கு டிராக்பால் இருக்கிறது. கருவியின் உடல் அசையாது, மேலே பதித்த உருண்டையை விரலால் உருட்ட வேண்டும். பார்ப்பவர்கள் புதுமை என்று நினைக்கிறார்கள், ஆனால் இது மவுஸுக்கு மூத்தது. 1952-ல் கனடா கடற்படைக்காக டாட்டார் என்ற திட்டத்தில் வேலைசெய்த பொறியாளர்கள், அந்நாட்டின் ஐந்து-பின் பௌலிங் ஆட்டத்துப் பந்தையே உருண்டையாக வைத்து ஒரு டிராக்பாலைச் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்து, பில் இங்கிலீஷ் மரக்கட்டையில் செய்துகொடுத்த முதல் மவுஸ் வந்தது 1964-ல்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதை மேடையில் காட்டியபோது அவருடைய வலதுகையில் மவுஸ், இடதுகையில் ஐந்தே கீ கொண்ட ஒரு சின்னக் கீபோர்டு. பல கீக்களை ஒன்றுசேர்த்து அழுத்தி எழுத்தை உண்டாக்கும் அந்த முறையில்தான் இன்றைய ‘புத்தம்புதிய’ கருவிகள் சிலவும் விற்கப்படுகின்றன. டிராக்பாலுக்குப் பராமரிப்பு கொஞ்சம் வேண்டும். உருண்டையைத் தாங்கும் மூன்று குட்டிப் புள்ளிகளில் தூசியும் விரல் எண்ணெயும் சேர்ந்து மெல்லிய திட்டாகப் படியும், உருண்டை திக்கித்திக்கி உருளும். அடியில் உள்ள ஓட்டை வழியாக உருண்டையை வெளியே தள்ளி, புள்ளிகளை ஒரு துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாகப் பிளந்த கீபோர்டைத் தமிழில் எழுதுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதன் பொதுவான நன்மை எளிது. ஒரே பலகையில் இரண்டு கையையும் வைக்கும்போது தோள் உள்வாங்கி, மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைகிறது. பிளந்த பலகையைத் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் இரண்டும் நேராகின்றன. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான அந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் எல்லாம் இடதுகைப் பக்கம். வ, ங தவிர மெய் வரிசைகள் எல்லாம் வலதுகைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு: இடம், வலம், வலம், இடம். நடுவில் வரும் புள்ளியை மென்பொருளே போட்டுவிடும். மெய்யும் உயிரும் மாறிமாறி வரும் மொழியில் கைகளும் மாறிமாறி வேலை செய்கின்றன, ஒரு கை தட்டும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. பிளந்த பலகை இந்த அமைப்புக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

ஆனால் வாங்குமுன் வலது ஓரத்தைப் பாருங்கள். தமிழ்99-ல் ச, ஞ இரண்டும் ஆங்கில ‘பி’ எழுத்துக்கு வலப்பக்கத்துச் சதுர அடைப்புக்குறிக் கீக்களில் இருக்கின்றன. ‘ய’ மேற்கோள் குறியின் இடத்தில். இடம் மிச்சம் பிடிக்கச் செய்த சின்னப் பிளவுப் பலகைகளில், நாற்பது சொச்சம் கீயே உள்ளவற்றில், இந்த ஓரக் கீக்களில் ஒன்றோ எல்லாமோ இருக்காது. ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை, ‘ய’ இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் நகராது. பலகையின் மென்பொருளில் கீக்களை மாற்றி அமைக்க வசதி இருக்கும் என்றாலும், அந்த வேலைக்கு மெனக்கெடத் தயாராக இல்லாதவர் முழு வரிசை கொண்டதையே வாங்கலாம்.

மெக்கானிக்கல் கீபோர்டு இப்போது ஏன் இவ்வளவு மலிந்துவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனி ஸ்விட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகை ஸ்விட்ச்தான் இதன் மூலமாதிரி. அதன் காப்புரிமை தீர்ந்த பிறகு கேடரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் செய்யத் தொடங்கின, விலை சரிந்தது. சிவப்பு ஸ்விட்ச் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். இது தெரிந்தவர் அடிவரை ஓங்கித் தட்டமாட்டார், விரல் நுனிக்கு அது பெரிய ஆறுதல். நீலம் ஒவ்வொரு தட்டுக்கும் ‘டிக்’ என்று சத்தம் போடும். வீட்டில் தனியறை உள்ளவர்களுக்கு மட்டும் நீலம். பக்கத்து மேசையில் ஆள் இருக்கும் அலுவலகத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பது அவர்களுக்குச் செய்யும் தொந்தரவு. காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சுகளும் வந்திருக்கின்றன. அவை வேகமாக விளையாடுபவர்களுக்கு. கடிதமும் கணக்கும் அடிப்பவருக்கு அவசியமில்லை.

விநோதம் என்றால் என் மனதில் முதலில் நிற்பது மாஸ்கோவின் ஆர்ட் லெபெதேவ் ஸ்டூடியோ 2008-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆப்டிமஸ் மேக்ஸிமஸ். 113 கீ, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டி ஓஎல்இடி திரை. ஆங்கிலம் அடித்தால் ஆங்கில எழுத்து, மொழியை மாற்றினால் கீயே முகம் மாறும். கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி, அது விரல்பட்டு அழிந்துபோய் மறுபடி ஒட்டிய யாருக்கும் இந்த யோசனையின் அருமை புரியும். விலை 1,500 டாலருக்கும் மேல். கீயை அழுத்துவதும் கடினமாக இருந்தது, பொருள் நிலைக்கவில்லை. தட்டச்சு கைவந்தவர் கீயைப் பார்ப்பதே இல்லை என்பதும் ஒரு காரணம். எப்போதாவது மட்டும் தொடும் கட்டளைகளுக்குத்தான் படம் வேண்டும். எல்காட்டோ நிறுவனம் 2017-ல் விற்கத் தொடங்கிய ஸ்ட்ரீம் டெக் அதைப் புரிந்துகொண்டு, முழுக் கீபோர்டை விட்டுவிட்டு, திரையுள்ள 15 கீ கொண்ட தனிப்பெட்டியாக வந்தது. வீடியோ செய்பவர்களுக்காக வந்த பொருள். ஒரே வேலையைத் திரும்பத்திரும்பச் செய்யும் கணக்கருக்கும் பயன்படும்.

கண்ணுக்கென்று விற்பவற்றில் மானிட்டர் மேல் மாட்டும் விளக்கை நம்பி வாங்கலாம். உள்ளேயிருக்கும் வளைவு ஒளியை முன்பக்கம் மட்டும் சாய்த்து மேசையில் விழவைக்கிறது. திரையில் பளபளப்பு அடிக்காது, காகிதமும் கீபோர்டும் தெளிவாகத் தெரியும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்கு அப்படிச் சொல்ல முடியாது. 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2023-ம் ஆண்டு காக்ரேன் ஆய்வறிக்கை, கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வுக்கு அது சாதாரணக் கண்ணாடியைவிடக் குறுகிய காலத்தில் கூடுதல் பலன் தருவதாகத் தெரியவில்லை என்கிறது.

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று. வழக்கமான யுஎஸ்பி வயரில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. ஒரு பொருளைச் செருகியதும் கணினி ‘நீ யார்?’ என்று கேட்கிறது, அது சொல்வதை அப்படியே நம்புகிறது. ‘நான் கீபோர்டு’ என்று ஒரு விசிறி சொன்னால், கணினி அதையும் கீபோர்டாகவே ஏற்று, அது அனுப்பும் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே அடித்ததாக எடுத்துக்கொள்ளும். 2014-ல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை லாஸ் வேகாஸ் மாநாட்டில் செய்தே காட்டினார்கள். அதனால்தான் 2018 ஜூனில் சிங்கப்பூரில் டிரம்ப்–கிம் சந்திப்புக்கு வந்த செய்தியாளர்களின் பையில் ஒரு குட்டி யுஎஸ்பி விசிறி இருந்தபோது, அதைச் செருகாதீர்கள் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரித்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரோபொகாடோவ் அவற்றில் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தார். மின்சாரக் கம்பிகள் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தன, தகவல் கம்பி எதுவும் இல்லை. அந்த விசிறி வெறும் விசிறிதான்.

பிரித்துப் பார்க்க எல்லோராலும் முடியாது. ஆகவே விசிறி, விளக்கு, கப் வார்மர் போல மின்சாரம் மட்டும் வேண்டிய பொருளை லேப்டாப்பில் செருகாமல் போன் சார்ஜரிலோ பவர் பேங்கிலோ செருகுங்கள். தகவல் எடுக்க அங்கே எதுவும் இல்லை. அலுவலகக் கணினிக்கு இது இன்னும் முக்கியம். வயரில்லாத மவுஸ் வாங்கினால் அது தன் ரிசீவருக்குச் செய்தியை மறைகுறியாக்கி அனுப்புகிறதா என்று பாருங்கள். 2016-ல் பாஸ்டீல் என்ற பாதுகாப்பு நிறுவனம், பல பிராண்டுகளின் ரிசீவர்கள் தூரத்திலிருந்து வேறொருவர் அனுப்பும் கீ தட்டல்களையும் ஏற்றுக்கொள்வதைக் கண்டுபிடித்தது. பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் தளத்தில் அதற்கான அப்டேட் இருக்கிறதா என்று தேடிப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் அலுவலகத்தில் வயர் மவுஸே மேல்.