ஆரத்தி ஏன் சிவக்கிறது?

தை பிறக்கும் வாரத்தில் கும்பகோணம் கடைத்தெருவில் மஞ்சள் கொத்துகள் இலையும் மண்ணுமாக வந்து இறங்கும். பொங்கல் பானையின் கழுத்தில் கட்டியதோடு கிழங்கை மறந்துவிடுவோம். அதன் வித்தையைப் பார்க்க ஆரத்தித் தட்டுக்கு வர வேண்டும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு, அவ்வளவுதான், தட்டு சிவந்துவிடுகிறது. சிவப்பாக எதையும் நாம் போடவில்லையே!

வித்தைக்காரர் குர்குமின் என்ற நிறமி. காய்ந்த மஞ்சளில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம்தான் இருக்கும். 1815இல் பிரித்தெடுத்துவிட்டார்கள்; அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க 1910 ஆகிவிட்டது. இரு முனையிலும் வளையம், நடுவே ஒரு கார்பன் சங்கிலி. வளையங்களில் எளிதில் கழன்றுகொள்ளும் ஹைட்ரஜன் உண்டு. சுண்ணாம்பின் காரம் அதைக் கழற்றியதும் மூலக்கூறு விழுங்கும் ஒளி மாறுகிறது. நம் கண்ணுக்குச் சிவப்பு.

மருத்துவக் கதையும் இதே ஹைட்ரஜனில்தான். உடம்பு சோற்றை ஆற்றலாக்கும்போது ‘தனி உறுப்புகள்’ உண்டாகின்றன. அதாவது, ஓர் எலெக்ட்ரானுக்கு ஜோடியில்லாமல் அலையும் துணுக்குகள். ஒன்று கொழுப்பிடம் பிடுங்கும். பறிகொடுத்த கொழுப்பு அடுத்ததிடம் பிடுங்கும். குர்குமின் குறுக்கே வந்து ஹைட்ரஜனை எலெக்ட்ரானோடு கொடுத்துவிடுகிறது. இழப்பைத் தன் நீண்ட உடல் முழுக்கப் பரப்பிக்கொள்வதால், தானும் பிடுங்கக் கிளம்புவதில்லை. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு என்பது இதுதான்.

சோதனைக் குழாயில் இது ஜோராக நடக்கும். வயிற்றுக்குள் போனால் சிக்கல்: குர்குமின் தண்ணீரில் கரையாது, கரைந்து உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பைப்பெரினை 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கானது. அந்தப் பைப்பெரினுக்குப் பத்து மிளகு போதும். ரசத்தைத் தூக்கிக் கொண்டாடுமுன் ஒரு கணக்கு: 2 கிராம் குர்குமினுக்கு அறுபது, எழுபது கிராம் மஞ்சள்தூள் வேண்டும். அந்த ரசத்தை யார் குடிப்பது! செறிவூட்டிய மாத்திரைகளோ சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன.

கல்யாணப் பந்தியில் வேட்டியில் சாம்பார் சிந்தினால் கவனியுங்கள். சோப்புப் போட்டதும் கறை சிவக்கும், சோப்பும் காரம்தானே. பதறாமல் அலசி வெயிலில் போடுங்கள். ஒளி பட்டால் குர்குமின் சிதைந்துவிடும். சாயங்காலம் வேட்டி வெள்ளை.