உங்களுக்குத் தெரியுமா? யானைக்கால் நோய்க்கு ஏன் இரவில் ரத்தப் பரிசோதனை?

யானைக்கால் நோயைப் பரப்பும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் தங்கிவிடும். இரவு 10 மணிக்கு மேல்தான் தோலடி ரத்தத்தில் பெருகி வரும். அவற்றைச் சுமந்து பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான்!

அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு தேடி வருகிறார்கள். விரல் நுனி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

புதுச்சேரியில் 1975-ல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை இந்த நோயைத் தடுக்க நகரில் கொசு உற்பத்தியைக் குறைக்கும் பெரிய திட்டத்தை நடத்தியது.

நுண்புழுக்களை அழிப்பது டை எத்தில் கார்பமசின் மாத்திரை. ஊருக்கே இந்த மருந்தைக் கொடுப்பதை எப்போது நிறுத்தலாம் என்பதைப் புள்ளியியல்தான் சொல்கிறது: 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நுண்புழு இருக்க வேண்டும்.

கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்த இடம் அழுக்குநீர். புதுச்சேரியின் சாரம் பகுதியில் உங்கள் தெருச் சாக்கடை தேங்கினால் உடனே நகராட்சிக்குத் தெரிவியுங்கள்.