கறுப்பினச் சிறுவரும் அவர்தம் வாசிப்பு நூல்களும்

சிறுவர் இலக்கியத்தை மொழிப் பயிற்சிக்கும் ஒழுக்கப் போதனைக்குமுரிய கருவியாக மட்டும் நோக்குவோர், சமுதாயத்தில் எவர்க்கு எவ்விடம் என்பதையும் அது கற்பிக்கின்றது என்பதைக் கருத்திற் கொள்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இதனை அனுபவத்தால் அறிந்தவர்கள்.

டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் தாம் ஆசிரியராயிருந்த 'கிறைசிஸ்' ஏட்டில் 1919 இல் ஓர் இக்கட்டை வெளிப்படையாக எழுதினார். ஆண்டுதோறும் சிறுவர் சிறப்பிதழ் வெளியிட்ட அவ்வேடு, அதே இதழிற் கறுப்பின மக்கள் வெறிக் கும்பல்களாற் கொல்லப்பட்ட செய்திகளையும் தரவேண்டியிருந்தது. வெள்ளையர் தன்னை வெறுப்பது போலத் தானும் அவர்களை வெறுப்பதாகப் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி எழுதியிருந்தாள். உண்மையை மறைத்தல் இயலாது. வெறுப்பை வளர்த்தலுந் தகாது. இம்முரண்பாட்டிலிருந்தே 1920 சனவரியில் 'பிறவுணிஸ் புக்' என்னும் சிறுவர் மாத இதழ் தோன்றிற்று. ஜெசி ஃபோசெட் அதன் இலக்கிய ஆசிரியர். லாங்ஸ்ரன் ஹியூஸின் இளமைக்கால ஆக்கங்கள் சில அதில் வெளிவந்தன. தம் நிறம் இயல்பானது, அழகானது என்று சிறுவரை உணரச் செய்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. போதிய சந்தாதாரரின்றி, 24 இதழ்களுடன் 1921 டிசெம்பரில் அது நின்றது.

சந்தையின் இவ்வாதிக்கம் பின்னரும் புலப்பட்டது. 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்கள் பற்றி நான்சி லாறிக் 1965 இல் எழுதினார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் தோன்றியவை 349. அதாவது நூற்றுக்கு 6.7. சமகால அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வாழ்வைக் கூறியவை நூற்றுக்கு ஒன்றுக்குங் குறைவு. தென்மாநிலங்களில் விற்பனை குன்றுமென்ற அச்சம் பதிப்பாளரிடையே நிலவியது. இருபதாண்டுகளின் பின், 1985 இல், விஸ்கொன்சின் பல்கலைக்கழகச் சிறுவர் நூல் நிலையம் கணக்கிட்ட ஏறத்தாழ 2,500 நூல்களிற் கறுப்பினத்தவர் எழுதியவையோ ஓவியந் தீட்டியவையோ 18 மாத்திரமே.

எனினும் எண்ணிக்கை மட்டும் போதுமானதன்று. றுடீன் சிம்ஸ் 1982 இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை வாசகரின் மனச்சான்றைத் தட்டியெழுப்ப எழுதப்பட்டவை, நிறம் தவிர வேறு வேறுபாடு காட்டாதவை, கறுப்பின வாழ்வின் உள்ளிருந்து பிறந்தவை என நூல்களை வேறுபடுத்தினார். முதல்வகை நூல்களில் கறுப்புக் குழந்தை பிறர் திருந்துவதற்கான காரணப் பொருளாகவே நிற்கின்றது என்பது எம் கருத்து.

மூன்றாம் வகைக்கு மில்ட்றட் ரெயிலரின் 1976 ஆம் ஆண்டு நாவல் சிறந்த சான்று. அது அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. களம் 1933 இன் மிசிசிப்பி. வாசிக்கக் கற்றுக்கொண்டு முதன்முதலாகப் பள்ளி செல்லும் ஆறு வயதுச் சிறுவனுக்கு அழுக்கடைந்த நூலொன்று கிடைக்கின்றது. அதன் உள்ளட்டையில் ஓர் அட்டவணை: வழங்கிய காலம், நூலின் நிலை, மாணவனின் இனம். பதினொரு முறை வெள்ளை மாணவருக்கு வழங்கப்பட்டு, மிகப் பழுதடைந்த பின்னரே அது கறுப்பின மாணவருக்கு வந்திருக்கின்றது. அவன் நூலை நிலத்தில் எறிந்து மிதிக்கின்றான். வாசிக்கத் தெரிந்தமையாலன்றோ அவனுக்கு அவ்விழிவு விளங்கிற்று! நூலில் அவன் தன்னைக் கண்ட முதலிடம் அவ்வட்டவணையே. ஆசிரியையான அவனுடைய தாய் தன் வகுப்பு நூல்களின் அட்டவணைகள் மீது தாள் ஒட்டி மறைக்கின்றாள். அச்செயலைக் கண்டு அதிர்கின்றாள் சக ஆசிரியை. அந்நூலைக் கையாண்ட வெள்ளைச் சிறுவருக்கோ, அதே அட்டவணையிற் காணத்தக்கது எதுவும் இருந்திராது.