ஏஐ ஸ்டார்ட்அப்பில் பொறியாளருக்கு என்ன வேலை?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் செய்யும் ஃபியூஸ் கேரியர்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று இனி கேமராவே பார்த்துச் சொல்லட்டும் என ஒரு ஏஐ ஸ்டார்ட்அப் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேலைக்குச் சேரும் பொறியாளர் நாள் முழுக்க என்ன செய்வார்?

முதல் சில வாரங்களுக்குப் படம் சேர்ப்பார். நல்ல சரக்கின் படம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். விரிசல் விட்டது கொஞ்சம்தான் கிடைக்கும். மென்பொருள் கற்றுக்கொள்ளவோ அதுதான் நிறைய வேண்டும். நூற்றுக்கு 2 பழுது என்றால், எதைக் காட்டினாலும் ‘நல்லது’ என்று சொல்லும் மென்பொருள்கூட 98 சதவீதம் சரியாகச் சொன்னதாகக் கணக்கு வந்துவிடும். அந்த எண்ணைக் காட்டி முதலீட்டாளரை மகிழ்விக்கலாம், சரக்கு வாங்குபவரிடம் செல்லாது. பழுதானவற்றில் எத்தனையைப் பிடித்தது, நல்லதில் எத்தனையை வீணாக ஒதுக்கியது என்ற இரண்டு கணக்கையும் பார்க்கத் தெரிந்தவரே இந்த வேலைக்கு ஆகிறவர்.

அடுத்த தலைவலி, மேல்பூச்சின் பளபளப்பு. விளக்கொளி பட்டுக் கோடாகத் தெரிவதை விரிசல் என்று மென்பொருள் சொல்லும். அது போகட்டும், அனுபவசாலிகள் இருவரிடம் ஒரே கேரியரைக் கொடுத்தால் ஒருவர் தேறும் என்பார், மற்றவர் தேறாது என்பார். எதைப் பழுது என்பது என்று இருவரையும் உட்கார வைத்துப் பேசி எழுதி வாங்குவதும் பொறியாளர் வேலைதான். அறிவே இங்கே தரம் பிரிப்பவரிடம்தான் இருக்கிறது. பொறியாளர் அதை மெதுவாகக் கறந்து கணினிக்குக் கொடுக்கிறார். பட்டறையில் பொருத்திய பிறகு லென்ஸில் தூசி படியும், மண் கலவை மாறும், மறுபடியும் படம் சேர்க்க வேண்டும். பெரிய நிறுவனமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் உண்டு. ஸ்டார்ட்அப்பில் இரவில் வாடிக்கையாளர் போனை எடுப்பதும் அதே ஆள்தான்.

இது கற்பனை உதாரணம். ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்லும் மென்பொருளைத் தொழிலாகவே செய்யும் நிறுவனம் தமிழ்நாட்டில் உண்டு. அஸ்வினி அசோகனும் ஆனந்த் சந்திரசேகரனும் 2013-ல் சென்னையில் தொடங்கிய ‘மேட் ஸ்ட்ரீட் டென்’, துணிக்கடைகளுக்காக உடைப் படங்களை அடையாளம் காணும் மென்பொருளைச் செய்தது.

மொழிப் பக்கம் வேலை இன்னும் நுணுக்கமானது. ‘பீங்கான்’ என்ற சொல் கணினியில் 24 பைட். அதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு 7 போதும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த மொழி மாதிரி, தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும். துண்டு கூடினால் நேரமும் செலவும் கூடும். துண்டாக்கும் முறையைத் திருத்துவதும் தமிழ்ப் பதில்களைப் படித்து மதிப்பெண் போடுவதும் இந்தப் பக்கத்துப் பொறியாளர்களின் அன்றாடம்.

சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ ஆய்வகம் 2023-ல் வெளியிட்ட ‘இண்டிக்டிரான்ஸ்2’, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் மொழிபெயர்க்கிறது. அங்கே பணியாற்றிய விவேக் ராகவனும் பிரத்யூஷ் குமாரும் அதே ஆண்டு ‘சர்வம் ஏஐ’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2025 மே மாதம் அவர்கள் வெளியிட்ட ‘சர்வம்-எம்’ மொழி மாதிரி, பிரான்ஸின் மிஸ்ட்ரால் மாதிரியின் மீது கட்டியது. வெளியான சில நாட்களிலேயே, தரவிறக்கியவர்கள் மிகக் குறைவு என்று சமூக வலைதளத்தில் கேலி எழுந்தது. மொழித்தரவு சேர்ப்பது எவ்வளவு நெடிய வேலை என்று தெரிந்தவர்கள் அந்தச் சில நாள் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஸ்டார்ட்அப் வாழ்க்கையில் அந்தத் தீர்ப்பும் சேர்ந்தேதான் வரும்.

சம்பளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பகுதியைப் பங்காகத் தருவதாகச் சொல்வார்கள். பொதுவாக 4 ஆண்டுகளில் படிப்படியாகக் கைக்கு வரும். இந்திய நிறுவனச் சட்ட விதிப்படி முதல் ஓராண்டுக்குள் எதுவும் வராது. நிறுவனம் மூடப்பட்டால் அந்தப் பங்கு வெறும் காகிதம். வீட்டுக் கடனை அதை நம்பி வாங்க வேண்டாம்.

விருத்தாசலம் அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தில் படிப்பவர்களுக்கும் இந்தத் துறையில் இடமுண்டு. பைத்தானும் புள்ளியியலும் படித்துக்கொள்ளலாம். எது பழுது என்று தெரிந்துகொள்ளப் பட்டறையில்தான் நிற்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தரவில் எது நல்லது, எது பழுது என்று குறிப்பது யார், தவறை எப்படி அளக்கிறீர்கள், கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும். மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.