ஆட்டுப் பிரட்டலுக்கு எந்த வைன்?

சில கல்யாண விருந்துகளில் இப்போது மேசைக்கு ஒரு போத்தல் சிவப்பு வைன் வைக்கிறார்கள். அப்படியொரு விருந்தில் என் மாமா ஆட்டுப் பிரட்டலை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அதைக் குடித்தார். "என்னம்மா இது, கஷாயம் மாதிரி இருக்கு. நாக்கு வேற எரியுது" என்று கிளாசைத் தள்ளி வைத்தார். மற்றவர்களும் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். போத்தலின் விலையைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அது மட்டமான வைன் அல்ல. காரத்தோடு சேர்ந்ததுதான் தப்பு.

மிளகாயில் உள்ள கேப்சைசின், வாயில் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. ஆறிப்போன சம்பாலும் சுடுவதுபோல் இருப்பது அதனால்தான். மதுச்சாரமும் அதே நரம்புகளைத்தான் சீண்டுகிறது. சிவப்பு வைனில் பெரும்பாலும் 13, 14 விழுக்காடு மதுச்சாரம் இருக்கும். போதாக்குறைக்கு, திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் டேனின் என்ற துவர்ப்பு. கடுந்தேநீர் குடித்தால் வாயை இழுக்குமே, அதே வகைதான்.

இனிப்போ எரிச்சலைத் தணிக்கும். அதனால் நம் சாப்பாட்டுக்கு ஓரளவு இனிப்பான வெள்ளை வைன்தான் ஒத்துப்போகும். நல்ல உதாரணம், ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் திராட்சையில் செய்வது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை வாசனை வரும். இனிப்பு விட்டுவைத்த வகையில் மதுச்சாரம் 8, 9 விழுக்காடுதான். கூடவே நல்ல புளிப்பும் இருப்பதால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் ஒட்டாது. நாசி லெமாக், இறால் சம்பால், மீன் தலைக்கறி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஆனால் எல்லா ரீஸ்லிங்கும் இனிப்பல்ல. வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். போத்தலில் 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பு இல்லாதது. ஜெர்மன் எழுத்து புரியவில்லையா, மதுச்சார விழுக்காட்டைப் பாருங்கள். திராட்சையின் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் மதுச்சாரம் உண்டாக்குகிறது. எண் 8, 9 என்றிருந்தால் தின்னாமல் விட்ட சர்க்கரை உள்ளே இருக்கிறது. 12க்கு மேல் போனால் பெரும்பாலும் மிச்சமிருக்காது.

பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்து கெவுர்ஸ்ட்ராமினர் இன்னொரு வகை. மூக்கருகே கொண்டுபோனாலே லிச்சிப் பழமும் ரோஜாவும் மணக்கும். அது கற்பனையல்ல, அந்த மூன்றிலும் ஒரே வாசனைப் பொருள் உண்டு. பட்டை, கிராம்பு போட்ட பிரியாணிக்கும் குருமாவுக்கும் அருமை. மதுச்சாரம் 13ஐத் தாண்டக்கூடும் என்பதால் கடும் காரத்துக்கு வேண்டாம்.

சர்க்கரைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை உள்ள வைனில், 150 மில்லி கிளாசுக்கு 4.5 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இனிப்பாக இருக்கிறதே என்று சாறுபோல இறக்குவதும் ஆபத்து. மலேசியாவில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்கக்கூடாது. 2020 முதல் வாகனமோட்டிகளின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மதுச்சாரம்தான் வரம்பு.

என் பாட்டிக்கு வைன் என்ற பேச்சே ஆகாது. தோட்டத்துக் கள்ளுக்கடையால் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவரிடம் வாதாட எனக்கு வாயில்லை. காரத்துக்கு அவர் நீட்டுவது மோர்தான். பாலின் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொள்வதால், எரிச்சலைத் தணிப்பதில் எந்த வைனும் மோரிடம் தோற்கும். குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை. எப்படியும் வைன் வைக்கப்போகிறவர்கள் காசை வீணாக்காமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

வாங்கியதை இரண்டு மணி நேரமாவது குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கிளாசில் ஐஸ் கட்டி போட்டால் தண்ணீராகிவிடும். இதை மாமாவிடம் சொல்லி அலுத்துவிட்டது. பாயாசம் வந்ததும் கிளாசை ஓரமாக வைத்துவிடுங்கள். பாயாசத்தின் இனிப்புக்கு முன்னால் இந்த வைன் வெறும் புளித்தண்ணீராகத்தான் தெரியும்.