திங்கட்கிழமையின் ஆராதனை



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறு மாலையில், மும்பையில் எங்கள் சபை கூடிவரும் வாடகை அறையின் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். குர்லா பகுதியில் லேத் பட்டறை நடத்துகிறவர். நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் சபையின் வாலிபர் ஒருவர் அவரிடத்தில் வேலை செய்துவந்தார்.

"பாஸ்டர்ஜி, உங்கள் பிள்ளை நல்லவன். குடிப்பதில்லை, திருடுவதில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருகிறான். சனிக்கிழமையானால் இயந்திரத்தின் அருகிலேயே தூங்கி வழிகிறான். ஒருநாள் கை போய்விடுமோ என்று எனக்குப் பயமாயிருக்கிறது. கேட்டால், ஜெபத்துக்குப் போனேன் என்கிறான். கடவுள் காரியத்தில் நான் என்ன சொல்ல முடியும்? நீங்கள் சொல்லுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, கைகூப்பிப் போய்விட்டார்.

அன்று காலையில்தான் அந்த வாலிபரை நான் பிரசங்க பீடத்திலிருந்து பாராட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தை ஒருமுறையும் தவறவிடாத வைராக்கியமுள்ளவர் என்று சபையாருக்கு முன்பாக அவரை எழுந்து நிற்கச் செய்திருந்தேன். அந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. நான் பாராட்டிய அதே காரியத்தினால், இயேசுவை அறியாத ஒரு மனிதருக்கு முன்பாகக் கர்த்தருடைய நாமம் இடறலாயிற்றே என்று என் இருதயம் குத்துண்டது.

பிரியமானவர்களே, இது அந்த ஒரு வாலிபருடைய பிரச்சினை மாத்திரமல்ல. சொந்த ஊரை விட்டு, மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் பிழைப்புக்காக வந்திருக்கிற நம்மில் பலர், வாழ்க்கையை இரண்டு கூறாக்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு, திங்கள் முதல் சனி வரை வயிற்றுக்கு. ஜெபம் ஆவிக்குரியது, வேலை மாம்சத்துக்குரியது. இப்படி ஒரு பிரிவினையை வேதம் எங்கேயாவது கற்பிக்கிறதா?

ஆவியினால் நிரப்பப்பட்ட தொழிலாளி

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் ஆவியின் நிறைவைக் குறித்து அதிகமாய்ப் பேசுகிறோம். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று வேதம் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது யாரை? தீர்க்கதரிசியை அல்ல, ஆசாரியனையும் அல்ல. பெசலெயேல் என்னும் கைவினைஞனை! பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல்லை வெட்டவும், மரத்தைச் செதுக்கவும் கர்த்தர் அவனைத் தம்முடைய ஆவியினால் நிரப்பினார் (யாத். 31:1-5). ஆரோனின் வஸ்திரங்களைத் தைத்தவர்களுக்கும் ஞானத்தின் ஆவியை அவரே அருளியிருந்தார் (யாத். 28:3).

வேலை பாவத்தினால் வந்த சாபம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. மனிதன் விழுந்துபோவதற்கு முன்னமே தேவன் அவனைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் சொன்னார் (ஆதி. 2:15). பாவத்தினால் வந்தது வேலையல்ல, வேலையிலுள்ள முள்ளும் வேர்வையுமே. அப்படியானால், லேத் இயந்திரத்தின் முன் நிற்கிறவரும், மருத்துவமனை வார்டில் இரவெல்லாம் விழித்திருக்கிற செவிலியரும், கணினி முன்பாக அமர்ந்திருக்கிற சகோதரியும், ஆவியானவரின் உதவியை அந்த வேலைக்காகவே கேட்கலாம். இல்லை, கேட்கவேண்டும்.

தரிசனத்துக்குப் பின்பு என்ன செய்தார்?

தானியேலும் நம்மைப்போல ஊர்விட்டு ஊர் வந்தவரே. பாபிலோனில் அந்நிய ராஜாவின் கீழ் வேலை செய்தவர். நாள்தோறும் மூன்று வேளை முழங்கால்படியிட்டு ஜெபித்தார் (தானி. 6:10). இதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தைக் கவனியுங்கள். அவருடைய சத்துருக்கள் அவருடைய அலுவலக வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அவர் உண்மையுள்ளவராயிருந்தார். அவருடைய ஜெபமும் அவருடைய கணக்குப் புத்தகமும் ஒன்றுக்கொன்று சாட்சியிட்டன.

இன்னொன்றையும் பாருங்கள். மாபெரும் தரிசனத்தைக் கண்ட தானியேல் சோர்ந்து, சில நாள் வியாதியாய்க் கிடந்தார். அதன் பின்பு எழுந்து என்ன செய்தார்? ராஜாவின் வேலைக்குத் திரும்பினார் (தானி. 8:27). ஆம்! தரிசனம் கண்டவர் வேலையை விட்டு ஓடவில்லை. தெசலோனிக்கே சபையில் சிலர், கர்த்தருடைய நாள் சமீபம் என்ற எண்ணத்தில் கலங்கியிருந்தார்கள். அந்தச் சபையிலேயே வேலை செய்யாமல் சுற்றித் திரிந்தவர்களும் இருந்தார்கள். அமைதலோடே உழைத்துத் தங்கள் சொந்த ஆகாரத்தைப் புசிக்கும்படி பவுல் அவர்களுக்குக் கட்டளையிட்டார் (2 தெச. 3:11,12). அப்படி எழுதியவர் தாமே கூடாரம் தைத்துப் பிழைத்தவர் (அப். 18:3).

செருப்புத் தைத்தவரின் நாட்கள்

இந்திய மண்ணில் இதை வாழ்ந்து காட்டியவர் வில்லியம் கேரி. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த அவர், தாமே வரைந்த உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டிவைத்து, தேசங்களுக்காக ஜெபித்தவர். 1793-ல் கல்கத்தாவில் வந்திறங்கினார். ஊழியத்துக்குப் பணமில்லாமல் தவித்தபோது, வங்காளத்தின் உட்பகுதியில் ஓர் அவுரிச் சாயத் தொழிற்சாலையின் மேலாளராகச் சில ஆண்டுகள் வேலை செய்தார். அந்த வேலையின் நடுவிலேயே வங்காள மொழியைக் கற்றார். 1800-ல் செராம்பூருக்குச் சென்றார். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி வெளிவந்தது.

1806-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தம்முடைய ஒரு நாளை அவர் விவரித்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து எபிரெய வேதாகமத்தில் ஓர் அதிகாரம், அதன்பின் ஜெபம், வேலைக்காரரோடு வங்காளத்தில் குடும்ப ஜெபம், மொழிபெயர்ப்பு, பத்து மணிக்குக் கல்லூரி, மாலையில் மறுபடியும் மொழிபெயர்ப்பு, உறங்கப்போகுமுன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம். 1812-ல் அச்சகம் தீப்பற்றியது. பல ஆண்டுகளின் கையெழுத்துப் பிரதிகளும் அச்செழுத்துகளும் அழிந்துபோயின. அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். தமக்கு மேதைமை ஒன்றும் இல்லை, விடாமல் உழைக்க மாத்திரம் தெரியும் என்பதே தம்மைக் குறித்து அவர் கொடுத்த சாட்சி.

1829 டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை. உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்யும் பெண்டிங்க் பிரபுவின் ஆணை, வங்காளத்தில் மொழிபெயர்ப்பதற்காக அவரிடம் வந்து சேர்ந்தது. அன்று அவர் பிரசங்கிக்க வேண்டிய நாள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் எங்கேயோ ஒரு விதவை சிதையில் ஏற்றப்படலாம் என்று எண்ணினார். பிரசங்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பண்டிதரோடு அமர்ந்து அன்று மாலைக்குள் மொழிபெயர்ப்பை முடித்தார். அந்த நாளில் கேரி ஆராதனையை விட்டுவிட்டாரா? அல்ல, அதுவே அவருடைய ஆராதனை!

ஆனால் ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கேரியின் மனைவி டாரதி இந்தியாவில் மனநோயினால் பல ஆண்டுகள் துன்புற்று 1807-ல் மரித்தார். பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பில் பெரும்பங்கை உடன் ஊழியர் மார்ஷ்மனின் மனைவி ஹன்னா ஏற்கவேண்டியதாயிற்று. பெரிய பரிசுத்தவானின் வீட்டிலும் காயம் இருந்தது. அதிகமாய் உழைப்பது மாத்திரம் பயனுள்ள வாழ்க்கையல்ல. யாருக்கு எந்த நேரம் உரியது என்று அறிந்து, அதை அவர்களுக்குக் கொடுப்பதே பயனுள்ள வாழ்க்கை.

நோட்டுப் புத்தகமும் 168 மணி நேரமும்

மறுவாரம் அந்த வாலிபரை அழைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வாரத்தில் 168 மணி நேரம். வேலை நாளுக்கு ஒன்பது மணி, ஆறு நாளைக்கு 54. டோம்பிவிலியிலிருந்து போகவர நாளுக்கு மூன்று மணி, அது 18. உறக்கம் நாளுக்கு ஏழு மணி வீதம் 49. மொத்தம் 121. மீதி 47 மணி நேரம். ஆராதனை, முழு இரவு ஜெபம் யாவும் சேர்ந்து பதினைந்தைத் தாண்டவில்லை. மற்ற 32 மணி நேரம் எங்கே? அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தம்முடைய கைப்பேசியை மேசையின்மேல் வைத்தார். "ஐயா, இதுதான் தின்றுவிட்டது" என்றார்.

அப்பொழுது நானும் என் பங்கை அவரிடம் அறிக்கையிட்டேன். "தம்பி, உன் உறக்கத்தைச் சபை எடுத்துக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பு" என்றேன். மூப்பர்களோடு பேசி, வெள்ளிக்கிழமை ஜெபத்தை இரவு ஒன்பதரைக்கே முடிக்கத் தொடங்கினோம். முழு இரவு ஜெபம் மாதத்தில் ஒருமுறை, மறுநாள் பெரும்பாலோருக்கு விடுமுறையாயிருக்கும்போது மாத்திரம். ஜெபம் குறைந்துபோகும் என்று சிலர் வருந்தினார்கள். ஆனால் இரவுப் பணியினால் வரக்கூடாதிருந்த இரண்டு சகோதரிகள் இப்பொழுது வருகிறார்கள்.

அன்று அந்த நோட்டில் எழுதிய மூன்று தீர்மானங்களை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1. காலையில் கைப்பேசியைத் தொடுமுன் கால்மணி நேரமாவது கர்த்தருடைய சமுகத்தில் இருங்கள். அந்த நாளின் வேலைகளைப் பெயர் சொல்லி அவரிடம் ஒப்புக்கொடுங்கள். ஆண்டவர் அதிகாலையில் ஜெபித்த பின்பே அன்றைய பாதையைத் தீர்மானித்தார், தம்மைத் தேடினவர்கள் எல்லாரிடத்துக்கும் அவர் திரும்பிப் போகவில்லை (மாற். 1:35-38).

2. வேலைக்கு நேரத்தோடு செல்லுங்கள். மேலாளர் பார்க்கும்போதும் பார்க்காதபோதும் ஒரேவிதமாய் உழையுங்கள், நாம் சேவிப்பது கர்த்தரையே (கொலோ. 3:22-24). வேலை நேரத்தில் வேதம் வாசிப்பதும் முதலாளியின் நேரத்தை எடுப்பதே.

3. இரவில் வீட்டாரோடு அரைமணி நேரம் பேசுங்கள். முடிந்ததற்கு நன்றி சொல்லுங்கள், முடியாததைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு உறங்குங்கள். உறக்கமும் அவர் தருகிற ஈவே (சங். 127:2).

வீட்டில் உழைக்கிற தாய்மார்களே, உங்கள் நாள் குழாயில் தண்ணீர் வருமுன்னே தொடங்குகிறது என்பதை அறிவேன். 1691-ல் மரித்த சகோதரர் லாரன்ஸ், பாரிஸ் நகரின் ஒரு மடத்தில் பல ஆண்டுகள் சமையற்கூடத்தில் உழைத்தவர். பாத்திரங்களின் ஓசையின் நடுவிலும் தேவனோடு பேசிப் பழகினார். உங்கள் அடுப்படியும் அப்படிப்பட்ட பரிசுத்த ஸ்தலமாகலாம்.

அந்த வாலிபருடைய சம்பளம் உடனே உயர்ந்துவிடவில்லை. ஆனால் ஓராண்டு கழித்து, அந்தப் பெரியவர் பட்டறையின் சாவியை அவர் கையில் கொடுத்தார். காலையில் முதலாவது வந்து கதவைத் திறக்கிறவர் இப்பொழுது அவரே. அந்தச் சாவியை என்னிடம் காட்டியபோது அவர் கண்கள் கலங்கின. என் கண்களும் கலங்கின. போத்திபாரின் வீட்டில் யோசேப்பின் கையில் எல்லாம் ஒப்புவிக்கப்பட்டதை (ஆதி. 39:4) நினைத்துக்கொண்டேன். நான் பீடத்திலிருந்து சொல்லியும் அந்தப் பெரியவர் அறியாத ஒன்றை, அந்த வாலிபர் லேத் இயந்திரத்தின் முன் நின்று அவருக்குக் காட்டிவிட்டார்.

பிரியமானவர்களே, நாளைக் காலையில் நீங்கள் ரயிலுக்கு ஓடும்போது, ஆராதனையை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று எண்ணாதிருங்கள். ஆராதனைக்குள்தான் போகிறீர்கள். கர்த்தர்தாமே உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்து, உங்களைக் கனியுள்ள வாழ்வு வாழச் செய்வாராக! ஆமென்.