கம்பியில்லா அணுகுமுனைகளின் வேகமும் வலுவும்: அளவீடு பற்றிய சில குறிப்புகள்

கல்வி நிலையங்களும் நூலகங்களும் கம்பியில்லா வலையமைப்புக்கான கருவிகளைக் கொள்வனவு செய்யும்போது, பெட்டியின்மீது அச்சிடப்பட்டுள்ள இரண்டு எண்களையே பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்கின்றன. ஒன்று வேகத்தைச் சுட்டுவது. மற்றையது செலுத்து வலுவைச் சுட்டுவது. ‘அக்செஸ் பொயின்ற்’ எனப் பொதுவாக வழங்கும் அணுகுமுனையின் தரத்தை இவ்விரு எண்களும் புறநிலையாக எடுத்துரைக்கின்றன என்பதே பரவலான நம்பிக்கை. ஆயின், எந்த எண்ணும் ஏதோவொரு சூழ்நிலையிலே, ஏதோவொரு முறையினாலே, ஏதோவொரு நோக்கத்துக்காகப் பெறப்பட்டதேயாகும். அச்சூழலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பெட்டியிலே பொறிக்கப்படும்போது, அளவு விளம்பரமாக மாறிவிடுகின்றது. இவ்வெண்களைச் சோதிப்பது எவ்வாறு, அச்சோதனை யாருடைய நிலையிலிருந்து செய்யப்பட வேண்டும் ஆகிய இரு வினாக்களையும் இக்கட்டுரை ஒருங்கே நோக்க முயல்கின்றது.

1. ‘வேகம்’ என்னும் சொல்

சொற்பொருளை ஆராய்பவர்களுக்கு இவ்விடத்திலே பணி உண்டு. ‘வேகம்’ என்ற ஒரே சொல் குறைந்தது மூன்று வேறுபட்ட பொருள்களைத் தாங்கி நிற்கின்றது.

முதலாவது, வானிலே பிற்றுகள் செலுத்தப்படும் வீதம். 1997இல் வெளிவந்த 802.11 நியமம் செக்கனுக்கு 1 அல்லது 2 மெகாபிற்று வீதத்தையே வகுத்தது. 1999இல் அது 11 ஆகவும், 2003இல் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலே 54 ஆகவும் உயர்ந்தது. 2009இன் நியமம் 600 வரையிலான உச்சத்துக்கு இடமளித்தது. பெட்டியிலே காணப்படுவது இவ்வகை எண்ணேயாகும். அதிலும், இரண்டு அல்லது மூன்று மீடிறன் பட்டைகளின் உச்ச வீதங்களைக் கூட்டி ஒரே தொகையாக அச்சிடும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. அத்தொகையைத் தனியொரு கருவி எக்காலத்திலும் பெறுவதில்லை.

இரண்டாவது, பயனாளரின் தரவு உண்மையிலே சென்றடையும் வீதம். ஒரே அலைவரிசையில் ஒரு வேளையில் ஒருவரே பேசலாம். பேசுமுன் சிறிது காத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் பெற்றமைக்கான ஒப்புகை திரும்ப வேண்டும். இவற்றுக்குச் செலவாகும் நேரம் கழிந்தபின் 11 மெகாபிற்று என்பது ஏறத்தாழ ஐந்தாகவும், 54 என்பது இருபதைச் சற்றே கடந்ததாகவும் சுருங்கிவிடுவது வழமை.

மூன்றாவது, இணையச் சோதனைத் தளங்கள் காட்டும் வேகம். இது சேவை வழங்குநரின் இணைப்பு, இடைவழி, தொலைவிலுள்ள கணினி ஆகிய அனைத்தினதும் கூட்டு விளைவாகும். இதனைக் கொண்டு அணுகுமுனையை மட்டும் மதிப்பிடல் பொருந்தாது.

எனவே அணுகுமுனையின் வேகத்தைத் தனியே அறிய விரும்புவோர், அதன் பின்புறத்திலே கம்பி வழியாக ஒரு கணினியை இணைத்து, மற்றொரு கணினியைக் கம்பியின்றி இணைத்து, அவ்விரண்டுக்குமிடையே ஐபெர்ஃப் போன்ற இலவச மென்பொருளினால் தரவைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். கம்பி இணைப்பின் வேகம் சோதிக்கப்படுவதைவிட அதிகமாயிருத்தல் அவசியம். இன்றேல் அளக்கப்படுவது கம்பியே. இரு திசைகளிலும் அளத்தல், பலமுறை அளந்து நடுநிலைப் பெறுமானத்தை எடுத்தல், தூரத்தையும் இடைச்சுவர்களையும் குறித்துக்கொள்ளல் என்பனவும் இன்றியமையாதன.

2. வலு: உரத்துப் பேசுதலின் எல்லை

1985ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, 2.4 கிகாஹேர்ட்ஸ் உள்ளிட்ட சில பட்டைகளைத் தனிப்பட்ட அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்தது. அலைமாலையின் ஒரு பகுதி இவ்வாறு பொதுநிலம் போன்றாயிற்று. பொதுநிலத்துக்கு விதி தேவை. அவ்விதி வலுவின் வரம்பாக அமைந்தது. அங்கு செலுத்தியின் உச்ச வலு 1 வாற்று. ஐரோப்பாவிலே 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில், அன்ரனாவின் குவிப்பையும் சேர்த்து 100 மில்லிவாற்று.

இவ்வலுவை மில்லிவாற்றினை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அலகிலே குறிப்பர். 100 மில்லிவாற்று என்பது 20. 1 வாற்று என்பது 30. மூன்று டெசிபெல் கூடினால் வலு ஏறத்தாழ இரட்டிக்கும். ஆனால் தடையற்ற வெளியிலே தூரம் இரட்டிக்கும்போது ஆறு டெசிபெல் இழக்கப்படுகின்றது. அதாவது, வலுவை இரட்டித்தால் எட்டும் தூரம் 1.4 மடங்கே ஆகும். சுவர்கள் நிறைந்த கட்டடத்தில் அதுவும் குறையும். ‘இரட்டிப்பு வலு’ என்ற விளம்பரத்தை இக்கணக்கோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

செலுத்து வலுவைக் கைத்தொலைபேசியிலே தோன்றும் அலைக்குறியைக் கொண்டு அளந்துவிட முடியாது. வாங்கப்பட்ட அலையின் வலிமையை எந்த அளவுகோலிற் காட்டுவது என்பதில் உற்பத்தியாளர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. ஒரே தொலைபேசியை ஒரே இடத்தில் வைத்து இரு அணுகுமுனைகளை ஒப்பிடலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் தவறு. முறையான சோதனையிலே, அன்ரனாவைக் கழற்றி, அவ்விடத்திலே தணிப்பான் ஒன்றின் வழியாக வலுமானியையோ அலைமாலைப் பகுப்பாய்வுக் கருவியையோ இணைப்பர். கம்பியில்லா வலையமைப்பின் அலை தொடர்ச்சியானதன்று. விட்டு விட்டுப் பாய்வது. ஆதலால் அலை பாயும் நேரத்தை மட்டும் கணக்கிலெடுத்தல் வேண்டும். மௌன நேரத்தையும் சேர்த்துச் சராசரி கண்டால் வலு குறைந்தே தோன்றும்.

மற்றொரு முரண்பாடும் மனங்கொள்ளத்தக்கது. உயர்ந்த வேகத்துக்கான அலைவடிவம் நுட்பமானது. பெருக்கி தன் எல்லையை நெருங்க நெருங்க அவ்வடிவம் சிதைகின்றது. இதனாற் பல கருவிகளில் உச்ச வேகத்தின்போது உச்ச வலு குறைக்கப்படுகின்றது. பெட்டியிலுள்ள உச்ச வேகமும் உச்ச வலுவும் ஒரே வேளையிற் கிடைப்பன அல்ல.

மேலும், தொடர்பாடல் இருவழிப்பட்டது. அணுகுமுனையின் வலுவை உயர்த்தலாம். மூலையில் இருக்கும் மாணவரின் கைத்தொலைபேசியின் வலு உயர்வதில்லை. ஒலிபெருக்கி பிடித்தவரின் குரல் கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்கின்றது. அவ்வரிசையிலிருந்து எழும் கேள்வி மேடைக்கு எட்டுவதில்லை. குறிகள் நிறைந்து தோன்றியும் பக்கம் திறக்காமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலே ஒன்றோடொன்று மேற்பொருந்தாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. இந்நெருக்கடியில் ஒருவர் வலுவை உயர்த்த, அயலவரும் உயர்த்த, இறுதியில் எல்லோரும் காத்திருப்பதே விளைவாகின்றது.

3. சமவாய்ப்பும் சமத்துவமும்

2003இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவொன்று சமூகவியல் நோக்கிலும் ஆராயத்தக்கது. 11 மெகாபிற்று வீதத்திலே இயங்கும் கணினிகளுக்கிடையே 1 மெகாபிற்று வீதத்தில் இயங்கும் ஒன்று இருப்பின், எல்லாக் கணினிகளினதும் பயன்வேகம் 1 மெகாபிற்றுக்கும் கீழே இறங்கிவிடுகின்றது என அவர்கள் காட்டினர்.

காரணம் எளிது. நியமம் ஒவ்வொருவருக்கும் பேசும் முறையைச் சமமாக வழங்குகின்றது, பேசும் நேரத்தையன்று. 12,000 பிற்றுகள் கொண்ட ஒரு பொதியை வேகமான கணினி ஏறத்தாழ 1.1 மில்லிசெக்கனிலும், மெதுவானது 12 மில்லிசெக்கனிலும் அனுப்புகின்றன. இருவரும் மாறி மாறிப் பேசினால், இடைச்செலவுகளை ஒதுக்கிப் பார்த்தாலும், ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 0.92 மெகாபிற்றே. இதற்கு மாற்றாக நேரத்தைச் சமமாகப் பகிரும் முறை பிற்காலக் கருவிகள் பலவற்றில் இடம்பெற்றது. அதன்படி வேகமானவருக்கு 5.5, மெதுவானவருக்கு 0.5.

எது நீதி? சமவுரிமை சமமற்றவர்மீது செலுத்தப்படும்போது அதுவே சமமின்மையின் உரிமையாகிவிடுகின்றது என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1875இல் எழுதிய கோத்தா வேலைத்திட்ட விமர்சனத்திலே விளக்கியுள்ளார். நேரத்தைச் சமமாகப் பகிர்தல் மொத்தப் பயனைப் பெருக்குகின்றது. ஆனால் அப்பெருக்கம் புதிய கருவி வைத்திருப்பவருக்கே சென்று சேர்கின்றது. முறையைச் சமமாகப் பகிர்தல் எல்லோரையும் பற்றாக்குறையிலே சமப்படுத்துகின்றது. பகிர்வு விதியை மாற்றுவதால் மட்டும் இம்முரண்பாடு தீராது. மெதுவானவர் ஏன் மெதுவாக உள்ளார் என்று கேட்டல் வேண்டும். பல வேளைகளில் அவர் தொலைவிலே அமர்ந்திருக்கின்றார். அலை நலிவதால் கருவி தானாகவே கீழ்வீதத்துக்கு இறங்குகின்றது. அவ்விடத்துக்கு அருகே, குறைந்த வலுவில், வேறு அலைவரிசையில், இன்னுமோர் அணுகுமுனையை நிறுவினால் அவரும் உயர்வார். அவரோடு பிறரும் உயர்வர். இங்கு தேவைப்படுவது உற்பத்திச் சாதனத்தின் விரிவேயன்றிப் பங்கீட்டுச் சண்டையன்று.

4. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு நடைமுறை முடிவு பெறப்படுகின்றது. விற்பனையாளரின் சோதனை, ஆளற்ற அறையிலே, அண்மையிலே, புத்தம்புதிய கருவியைக் கொண்டு நிகழ்வது. பொதுப் பணத்திலே கருவி வாங்கும் நிறுவனத்தின் சோதனை இதற்கு நேர்மாறாக அமைதல் வேண்டும்: மண்டபத்தின் மிகத் தொலைவான இருக்கையிலே, ஆட்கள் நிறைந்த வேளையிலே, அங்கு வருவோரிடமுள்ள மிகப் பழைய கருவியைக் கொண்டு, இரு திசைகளிலும். அங்கு பெறப்படும் எண் சிறியதாகவே இருக்கும். எனினும் ஒரு வலையமைப்பு யாருக்காக அமைக்கப்பட்டது என்பதை அச்சிறிய எண்ணே உண்மையாகக் கூறும்.